எப்ப எப்ப, அருந்ததி

பலாபத்வலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கண்டி வீதியோரமாக ஐந்து நிமிடம் நடந்தால் யாகூப் நானாவின் வாசனைத் தோட்டம் வரும். ஏலம், கறுவா, மிளகு, வனிலா, கொக்கோ என்று ஒவ்வொரு செடியும் கழுத்தில் ஒரு பெயர்ப்பலகையோடு நிற்கும். வேனில் வந்து இறங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு அவற்றைத் தொட்டுக் காட்டி, இலையைக் கசக்கி மூக்கருகே நீட்டி விளக்கம் சொல்லுகிறவள்தான் சுதர்சினி. நாற்பத்தெட்டு வயது. கிழமை நாட்களில் அந்தக் குரல் இங்கிலீஷில் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு அதே குரல் தமிழில் பாடும்.

தோட்டத்தின் நடுவில் தகரம் வேய்ந்த, பக்கச் சுவர் இல்லாத நீளக் கொட்டகை ஒன்று உண்டு. 'மடுவம்' என்பார்கள். கொரோனாக் காலத்தில் வேன்கள் வராமல் போனபோது, கிட்டார் வைத்திருந்த நாலைந்து பேர் அங்கே வந்து உட்கார்ந்து பாடத் தொடங்கினார்கள். வேன்கள் திரும்பி வந்த பிறகும் பாட்டு நிற்கவில்லை. இப்போது பல்லேகமையிலிருந்துகூட இரண்டு பஸ் மாறி ஆட்கள் வருகிறார்கள். வயல் செய்கிறவர், மோட்டார் பைக் திருத்துகிறவர், பள்ளிக்கூட டீச்சர். தமிழிலும் பாடுவார்கள், சிங்களத்திலும் பாடுவார்கள். மேடை கிடையாது. முன்னால் மூன்று கதிரைகள். மூன்று பாட்டுக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து முறை வைத்துப் பாடுவார்கள். எதிரே முப்பத்தைந்து கதிரைகள். முதல் வரிசையில் இருப்பவருக்குப் பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும்.

யாகூப் நானா போட்ட சட்டம் இரண்டு. ஒன்று, தான் எழுதிய பாட்டைத்தான் பாட வேண்டும்.

"அடுத்தவன் பாட்டு கேக்கணும்னா ரோட்டுக்குப் போய் பஸ்ஸுல ஏறுங்க. அங்க காது கிழியப் போடுவான்" என்பார்.

இரண்டாவது, பாடுவதற்கு முன் அந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது என்று சொல்ல வேண்டும். பொய் சொல்லக்கூடாது.

இந்த இரண்டாவது சட்டத்தைத்தான் சுதர்சினி மூன்று வருடமாக மீறிக்கொண்டிருந்தாள்.

அவளிடம் பதினாறு பாட்டுகள் இருந்தன. ஆனால் கேட்கிறவர்கள் கேட்பது ஒன்றைத்தான்.

*எப்ப எப்ப அருந்ததி*
*எங்க நின்னா தெரிவ நீ*
*மழ மறைச்ச வானத்தில*
*மருகி நிக்கிறேன் பாரு நீ*

இதைப் பாடுமுன் அவள் சொல்லும் கதை எல்லோருக்கும் மனப்பாடம். "என் கல்யாணத்தன்னைக்கு ஐயரு கைய மேல காட்டி, அருந்ததியப் பாருன்னாரு. பகல் பதினோரு மணி! சூரியனே கண்ணக் குத்துது. தெரியுதான்னு கேட்டாரு. தெரியுதுன்னு தலைய ஆட்டிட்டேன். அன்னைக்குச் சொன்ன பொய்க்கு இன்னைக்கு வரைக்கும் அந்த நட்சத்திரத்தத் தேடிக்கிட்டிருக்கேன்."

மடுவமே சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் விரல் கம்பியில் விழுந்துவிடும். சிரித்த வாய் மூடுவதற்குள் கண் கலங்கிப் போனவர்கள் எத்தனையோ பேர்.

கதை முழுக்கப் பொய். அவளுடைய கல்யாணத்தில் ஐயரும் இல்லை, ஆகாயமும் இல்லை. தம்புள்ளையில் பதிவுகாரர் ஒருவரின் மேசைக்கு முன்னால் இரண்டு கையெழுத்து, அவ்வளவுதான். மாப்பிள்ளை தயாபால, சிங்களவன். ஹோட்டல் ஒன்றில் சாயந்தரங்களில் கிட்டார் வாசித்தவன். அவள் அதே ஹோட்டலில் துணி துவைக்கும் பகுதியில் வேலை செய்த, மாத்தளைத் தோட்டமொன்றின் பெண். அவன்தான் கிட்டாரில் மூன்று கோட், அதாவது மூன்று விரல் பிடி, சொல்லிக் கொடுத்தான். "இந்த மூணும் போதும், மிச்சத்த அழுகை பாத்துக்கும்" என்றானாம். இரண்டு வீட்டிலும் கதவைச் சாத்தினார்கள். பெண் குழந்தை பிறந்தபோது, இரண்டு பக்கத்தாருக்கும் வாயில் நுழைகிற பெயராகத் தேடி வைத்தார்கள். தமிழிலும் சிங்களத்திலும் ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர். அருந்ததி.

குழந்தைக்கு மூன்று வயதானபோது தயாபாலவுக்கு டெங்கு வந்தது. நாலாம் நாள் அவன் இல்லை.

பிறகு சுதர்சினி என்ன செய்வாள்? குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். போகுமுன் குழந்தையை நாவுலையில் இருந்த தயாபாலவின் அக்கா குசுமாவிடம் ஒப்படைத்தாள். குசுமாவுக்குப் பிள்ளை இல்லை. சாத்திய கதவு குழந்தைக்காகத் திறந்தது. நெந்தா, அதாவது அத்தை, அந்தக் குழந்தையை நெஞ்சில் போட்டு வளர்த்தாள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

முதல் வருடம் தொலைபேசியில் குழந்தை தமிழில் கேட்டது. "அம்மா, எப்ப வருவ?" ஒவ்வொரு முறையும் அதே கேள்வி. "எப்ப? எப்ப?" இரண்டாம் வருடம் அதையே சிங்களத்தில் கேட்டது. மூன்றாம் வருடம் கேட்பதை விட்டுவிட்டது.

இரண்டு வருடத்துக்கென்று போனவள் ஏழு வருடம் கழித்துத் திரும்பி வந்தாள். விமான நிலையத்திலிருந்து நேரே நாவுலைக்குப் போனாள். வாசலில் இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு பத்து வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். "கண்ணு, அம்மா வந்துட்டேன்டா" என்று சுதர்சினி மண்டியிட்டுக் கையை விரித்தாள். அந்தப் பெண் இரண்டடி பின்னால் போய், குசுமாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் கேட்டாள்:

"இந்த ஆன்டி என்ன சொல்றாங்க, நெந்தா?"

ஆன்டி! அந்த ஒரு சொல்லைக் கேட்டு, விமானத்தில் கொண்டுவந்த பெட்டிகளின் மேலேயே சுதர்சினி உட்கார்ந்துவிட்டாள்.

குசுமா அவளைக் குசினிக்குள் அழைத்துப் போய், தங்கையிடம் பேசுவது போலக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நங்கி, நீ கூட்டிட்டுப் போயிடுவன்னு நாலு நாளா பிள்ளை தூங்கல. இந்த வருஷம் ஸ்கொலர்ஷிப் சோதனை. அது முடியட்டும். உன் பிள்ளைய நான் வச்சுக்க மாட்டேன். ஆனா இழுத்துட்டுப் போகாத. அவளாக் கேட்கட்டும். அவளா உன்கிட்ட வரட்டும்."

"சரிங்க அக்கா. அவளா வர்ற வரைக்கும் நான் இந்த வாசலுக்கு வரமாட்டேன்" என்று சுதர்சினி வாக்குக் கொடுத்தாள்.

ஸ்கொலர்ஷிப் முடிந்தது. பிறகு ஓ லெவல், பிறகு ஏ லெவல். பதினான்கு வருடம் ஓடிவிட்டது. இன்று அருந்ததிக்கு இருபத்து நாலு வயது. நாவுலையில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. பலாபத்வலைக்கும் நாவுலைக்கும் ஒரே பஸ், ஒரு மணி நேரம்கூட ஆகாது. அவளாக வரவில்லை.

குழந்தை அன்று தொலைபேசியில் கேட்ட சொல்லைத்தான் தாய் பாட்டாக்கினாள். இப்போது அந்தக் கேள்வியைக் கேட்கிறவள் தாய். இதை மடுவத்தில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பெற்ற பிள்ளை ஆன்டி என்றாளே என்று அந்த முப்பத்தைந்து பேரும் பரிதாபப்படுவார்கள் என்ற பயம். அதனால்தான் ஐயர், அதனால்தான் பகல் பதினோரு மணி.

சென்ற வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. பாட்டு முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். யாகூப் நானாவின் மனைவி ஜெஸ்லா, வாசலில் இஞ்சி பிளேன்டீ ஊற்றிக் கொடுக்கிறவள், தேத்தண்ணிக் கெத்தலைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடியே உள்ளே வந்தாள்.

"யா அல்லாஹ், இண்டக்கி நடந்த கூத்தக் கேளுங்களே! சுதா, உங்கட பாட்டக் கேட்டுட்டு ஒரு சிங்களப் புள்ள அழுதுட்டுப் போகுது."

"நம்ம அக்கா பாட்டுக்கு அழாட்டித்தான் அதிசயம்" என்றான் நிருஜன். அவனும் பாட்டு எழுதுகிறவன். மாத்தளைக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளார்க். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுகளைத் தொலைபேசியில் பிடித்து முகநூலில் போடுவதும் அவன்தான்.

"அது இல்ல தம்பி. அந்தப் புள்ளைக்குத் தமிழே தெரியாது. என்கிட்ட வந்து கேக்குது, 'அந்த ஆன்டி ஏன் அருந்ததி வேணாம், வேணாம்னு பாடுறாங்க?'ன்னு. எனக்கு ஒண்ணும் வெளங்கல்ல. கையில கெத்தல். பாட்டுன்னா அப்படித்தான் மகள்னு சொல்லிட்டேன். பொறகுதான் மண்டையில ஏறிச்சு. இவங்க 'எப்ப, எப்ப'ன்னு இழுக்கிறத அது 'எப்பா, எப்பா'ன்னு கேட்டிருக்கு!"

மடுவத்தில் ஒரு சிரிப்பலை எழுந்தது. சிங்களத்தில் 'எப்பா' என்றால் வேண்டாம் என்று பொருள். மாத்தளையில் இது தெரியாதவர் யார்? இரண்டு பாஷையும் ஒரே நாக்கில் புரளும் ஊர். ஆனால் மூன்று வருடமாக ஒருவர் காதிலும் அது அப்படி விழவில்லை.

"நல்ல வேள, என் பேரு அருந்ததி இல்ல. இல்லாட்டி நானும் எழும்பிப் போயிருப்பேன்!" என்றார் யாகூப் நானா.

சுதர்சினி மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த கதிரையைக் கீழே வைத்தாள்.

"லாத்தா, அந்தப் புள்ள எப்படி இருந்திச்சு?" என்று ஜெஸ்லாவிடம் கேட்டாள்.

"உசரமா, மெலிஞ்சு. கையில நீல ஹெல்மட்டு. போன்ல நம்ம தம்பி போட்ட உங்கட வேற ஒரு பாட்டு வீடியோவக் காட்டி, இந்த எடந்தானான்னு கேட்டுத்தான் உள்ள வந்திச்சு. கடைசி வரிசையில இருந்திச்சு. ஏன் சுதா?"

வாசல் மேசையில் பயணிகள் பெயர் எழுதும் புத்தகம் கிடந்தது. சுதர்சினி ஓடாமல் ஓடினாள். அன்றைய திகதிக்குக் கீழே, உருண்டையான சிங்கள எழுத்தில் ஒரு வரி. *அருந்ததி. நாவுல.* அபிப்பிராயம் எழுத விட்டிருந்த இடம் வெறுமையாக இருந்தது.

பதினான்கு வருடம் காத்திருந்து, மகள் தானாகவே வந்திருக்கிறாள்! தாய் முகத்தைப் பார்த்திருக்கிறாள். ஐயர் கதைக்கு எல்லோரும் சிரித்ததைப் பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு அந்தத் தாய் வாயைத் திறந்து, முப்பத்தைந்து பேருக்கு முன்னால், "வேண்டாம், வேண்டாம், அருந்ததி" என்று பாடியிருக்கிறாள். வெந்த புண்ணில் வேல் என்று சொல்வார்களே, அது இதுதான்.

"என் மக, லாத்தா" என்றாள் சுதர்சினி. "வந்தது என் மக."

ஜெஸ்லாவின் கையிலிருந்து கெத்தலை யாரோ வாங்கிக்கொண்டார்கள். அன்று சொல்லாமல் வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. யாகூப் நானா, "அப்ப அந்த ஐயரு?" என்று மட்டும் கேட்டார்.

"மன்னிச்சுக்கங்க நானா. ஐயரே இல்ல."

மறுநாள் காலை அவள் வேலைக்கு வராமல் பஸ் தரிப்பில் நின்றாள். தம்புள்ளை பஸ் வந்தது. "நாவுல, தம்புள்ள! நாவுல, தம்புள்ள!" என்று கண்டக்டர் கத்தினான். ஒரு காலைப் படியில் வைத்தாள். அப்படியே நின்றாள்.

"ஏறுறதா இல்லையா அக்கே? ரெண்டு மனசா இருந்தா அடுத்த பஸ்ஸுல ஏறுங்க" என்றான் அவன் சிங்களத்தில்.

காலை எடுத்துவிட்டாள். குசுமாவுக்குக் கொடுத்த வாக்கு ஒன்று. அதைவிடப் பெரியது இன்னொன்று. இப்போது இவள் போய் நின்றால், அது இவள் போனதாகிவிடும். அந்தப் பிள்ளை அவ்வளவு தூரம் எடுத்து வைத்த அடி அழிந்து போகும். அவள் வந்த வழி அவளுக்கே திறந்திருக்க வேண்டும். முள் தைத்த இடம் மடுவம். அதை எடுக்க வேண்டியதும் அங்கேதான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நிருஜன் லீவு போட்டுக்கொண்டு வந்தான். இருவரும் மடுவத்தில் உட்கார்ந்தார்கள்.

"பேசாம நான் வீடியோவுக்குக் கீழ சிங்களத்துல எழுதிப் போடுறேன்கா. 'எப்ப'ன்னா எந்த நாள்ன்னு அர்த்தம்னு. முடிஞ்சுது."

"பாட்டால அடிச்சுட்டு, கடுதாசியில மருந்து அனுப்பச் சொல்றியா? வேணாம் தம்பி. பாட்டையே மாத்துறேன்." கிட்டாரை மடியில் வைத்து, மெதுவாகப் பாடிக் காட்டினாள். "என்ன என்ன அருந்ததி, எங்க நின்னா தெரிவ நீ..."

நிருஜன் முகம் சுளித்தான். பாட்டு விஷயத்தில் அவன் யாருக்கும் விட்டுக் கொடுக்கமாட்டான். "நல்லா இல்லக்கா. 'எப்ப'ங்கிறதுலதான் பாட்டோட உசிரே இருக்கு. 'என்ன'ன்னு போட்டா, தேத்தண்ணிக் கடையில கூப்பிட்டு விசாரிக்கிற மாதிரி இருக்கு. பொருளே போயிடும்."

"போகட்டும். தமிழ்ல போகட்டும். நீ அதச் சிங்களத்துல கேளு."

அவன் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தான். சிங்களத்தில் 'என்ன' என்றால் வா. வாருங்கள் என்று மனதார அழைக்கிற சொல். வா, வா, அருந்ததி.

"ஆனா அக்கா... 'எப்ப' அவ சின்னதுல கேட்ட சொல்லு இல்லையா? அத விட மனசு வருதா உங்களுக்கு?"

"வரலதான்" என்றாள் சுதர்சினி. "அந்த ஒண்ண வச்சுத்தான் இத்தன வருஷம் ஓட்டினேன். அவ கேட்டதே எனக்கு மட்டுந்தான் ஞாபகம். அவளுக்கு வெளங்காத சொல்ல நான் கட்டிப் புடிச்சுக்கிட்டு என்ன செய்ய?"

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை. தகரக் கூரையில் சோவென்று கொட்டியது. பாட முடியாது என்று நாலரை வரைக்கும் காத்திருந்தார்கள். மழை சற்றுக் குறைந்ததும் சுதர்சினி நடுக்கதிரையில் வந்து உட்கார்ந்தாள். கண் கடைசி வரிசைக்குத்தான் போனது. நீல ஹெல்மெட்டோடு அங்கே யாரும் இல்லை. எதிரே நிருஜன் பிடித்திருந்த தொலைபேசி மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சொல்ல வேண்டியதை வாரம் முழுக்கச் சிங்களத்தில் மனப்பாடம் செய்திருந்தாள். குவைத், டெங்கு, நெந்தா, இரட்டைப் பின்னல், எல்லாம். வாயைத் திறந்தாள். "இந்தப் பாட்டு நட்சத்திரத்தப் பத்தினது இல்ல" என்று சிங்களத்தில் ஒரு வரி வந்தது. அதற்கு மேல் வரவில்லை. விரல்தான் காப்பாற்றியது. தானாகவே கம்பியில் விழுந்தது.

*என்ன... என்ன... அருந்ததி...*

வழக்கமாகக் கேட்கிற தமிழ் ஆட்கள் நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்தார்கள். அக்கா சொல்லைத் தப்பாகப் பாடுகிறாளே! பக்கத்துக் கதிரையில் தன் முறைக்காகக் காத்திருந்த பல்லேகமைக்காரர், வாழ்நாளில் ஒரு தமிழ்ச் சொல்லும் கற்காதவர், தன் கிட்டாரை மெல்லக் கீழே வைத்தார். அவருக்கு முதல் அடியிலேயே விளங்கிவிட்டது. அவருக்கும் கொரியாவுக்கு வேலைக்குப் போன ஒரு மகன் இருந்தான்.

பாட்டு முடிந்தது. "இண்டக்கித்தான் என்ட சட்டம் ரெண்டும் சரியா நடந்திச்சு" என்று யாகூப் நானா சொல்லிவிட்டு, மூக்கைச் சிந்தப் போகிறவர் மாதிரி வெளியே போனார்.

வீடியோ அன்றே முகநூலில் ஏறியது. திங்கள் போனது. செவ்வாய் போனது. சுதர்சினி வனிலாக் கொடியைக் காட்டிக் கறுவா என்று சொல்ல, ஜெர்மன்காரர் ஒருவர் அவளைத் திருத்தினார். புதன்கிழமை ஜெஸ்லா சாப்பாட்டுப் பாசலைத் தானே பிரித்து அவள் கையில் வைத்தாள். "அது பாத்திருக்கும் சுதா. பாக்காம இருக்காது." சுதர்சினி தலையாட்டினாள். பாசலை மறுபடி மடித்து வைத்தாள். பார்க்காமல் இருந்தால் தேவலை என்றுகூட ஒரு நேரம் தோன்றியது. பார்த்தும் பேசாமல் இருந்தால்?

வியாழக்கிழமை பத்து மணி இருக்கும். வாசலில் வேன் ஒன்று வந்து நின்று, ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அதே நேரம் நிருஜன் மோட்டார் பைக்கை நிறுத்திவிட்டுக் கோபமாக உள்ளே வந்தான். கச்சேரியிலிருந்து அரை மணி நேரம் கேட்டு வந்திருந்தான்.

"பாத்தீங்களா அக்கா, மனுசங்கட புத்திய! எத்தன பேரு அழுது எழுதியிருக்காங்க. அதுக்கு நடுவுல ஒரு மரியாத கெட்டவன். பேரும் ஒழுங்கா இல்ல, மூஞ்சிக்குப் பதிலா ஒரு பூ. இங்கிலீஷ் எழுத்துல ஒரே ஒரு சொல்லு, 'என்னடா'ன்னு! வயசுல மூத்த பொம்பள பாடுறா, என்னடாவாம். இருங்க, அழிச்சுட்டு மத்தத வாசிச்சுக் காட்டுறேன்."

"காட்டு."

"அது எதுக்குக்கா, விடுங்க..."

"காட்டுன்னு சொல்றேன் இல்ல!"

ennada. ஆறு எழுத்து. சுதர்சினி ஒவ்வொன்றாக வாசித்தாள். தமிழன் கண்ணுக்கு அது 'என்னடா'. ஆனால் சிங்களத்தில் கேள்வி கேட்க வேண்டுமென்றால் சொல்லின் கடைசியில் ஒரு 'த' வைப்பார்கள். இங்கிலீஷ் எழுத்தில் அதையும் இப்படித்தான் எழுத முடியும். என்ன என்றால் வா. என்னத என்றால்...

*வரட்டுமா?*

நிருஜனின் பெருவிரல் அழிக்கிற இடத்துக்கு மேல் நின்றது.

"தொடாத!" என்று அவள் போட்ட சத்தத்தில் வேனிலிருந்து இறங்கியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "தொட்டுறாத தம்பி! அவ தமிழ்ல கேக்கல. வரட்டுமான்னு கேக்குறா!"

நிருஜன் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். "கடவுளே" என்றான். "நான்... அக்கா, நான் அழிச்சிருப்பேனே."

அவள் தொலைபேசியைப் பறித்துக்கொண்டாள். பதில் எழுத அவன் கை நீட்டியபோது கொடுக்கவில்லை. ஏலச்செடிக்குப் பக்கத்தில் நின்றபடி, ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினாள். e. n. n. a. இடையில் ஒரு எழுத்து தப்பி, அழித்து, மறுபடி தட்டினாள்.

"சுதா, ஆள் வந்து நிக்கிறாங்க!" என்று யாகூப் நானா குரல் கொடுத்தார். ஜெஸ்லா அவர் தோளைத் தட்டி ஏதோ சொன்னாள். அவர் தாமாகவே பயணிகளைக் கூட்டிக்கொண்டு, தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் மிளகுக் கொடியைக் காட்டத் தொடங்கினார்.

"போயிருச்சா தம்பி?"

"போயிருச்சுக்கா."

"அங்க அவளுக்குத் தெரியுமா?"

"இந்நேரம் தெரிஞ்சிருக்கும்."

அவன் தொலைபேசிக்காகக் கையை நீட்டினான். வேலைக்குத் திரும்ப வேண்டும். அவன் கை நீட்டியிருப்பது அவளுக்குத் தெரியவில்லை. தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திரை மங்கும்போதெல்லாம் விரலால் தொட்டு விழிக்க வைத்தபடி அங்கேயே நின்றாள்.